காற்று காட்டிய தீவு

2020 ஜூலையில் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற வீடியோ கேம் வெளிவந்தபோது ஊரெங்கும் ஊரடங்கு. நானும் தம்பியும் ஒரே அறை, ஒரே கன்ட்ரோலர். சண்டை வந்தால் அவன் வாங்கிக்கொள்வான். குதிரைப் பயணம் என்றால் என் கைக்கு வந்துவிடும். யாரும் பேசி வைத்ததில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. அதனால் சுஷிமாவின் சண்டைகளெல்லாம் அவன் ஞாபகத்திலும், வழிகளெல்லாம் என் ஞாபகத்திலும் இருக்கின்றன.

விளையாடாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1274-இல் மங்கோலியப் படை ஜப்பானைத் தாக்க வருகிறது. வழியில் முதலில் அகப்படுவது சுஷிமா தீவு. கடற்கரையில் எதிர்த்து நின்ற 80 சாமுராய்கள் அழிகிறார்கள். பிழைத்த ஜின் சகாய் தீவை மீட்கப் புறப்படுகிறான். ஜின் கற்பனைப் பாத்திரம், அவனுக்கு எதிரே நிற்கும் கோதுன் கானும் கற்பனைதான். ஆனால் தீவு உண்மை, போர் உண்மை.

இந்த விளையாட்டில் வழிகாட்ட திரையில் அம்புக்குறி கிடையாது. கன்ட்ரோலரின் தொடுபரப்பில் விரலை மேல்நோக்கித் தேய்த்தால் காற்று எழும். புல் சாயும், இலைகள் பறக்கும். அவை போகிற திசைதான் நாம் போகவேண்டிய திசை. எத்தனையோ இரவுகள் போகவேண்டிய இடத்தை மறந்துவிட்டு, அந்தக் காற்றைப் பார்ப்பதற்காகவே குதிரையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து வேலை என்னை ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்துக்குக் கொண்டுவந்தது. வாடகை அறைக்குக் குடிவந்த அன்றே வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அங்குள்ள ஹகாடா துறைமுகத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் சுஷிமா. 2023 அக்டோபரில் மூன்று நாள் விடுப்பு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

இரண்டு மணி நேரச் சொச்சத்தில் கொண்டுபோய் விடும் வேகப் படகு இருக்கிறது. நான் நள்ளிரவு தாண்டிப் புறப்படும் பெரிய கப்பலில் ஏறினேன். பாய் விரித்தது போன்ற பொதுக்கூடம். ஆளுக்கொரு போர்வையுடன் தரையிலேயே படுக்கை. நடுவில் இகி தீவில் கப்பல் நின்றது. மங்கோலியர் சுஷிமாவை அடுத்து அழித்தது இகியைத்தான். விளையாட்டின் விரிவாக்கப் பதிப்பில் அதுவும் வருகிறது. தூக்கம் பிடிக்கவில்லை. மேல்தளத்துக்குப் போய், அந்த இருட்டில் தெரிந்த துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடிவதற்குள் இசுஹாரா வந்துவிட்டது. தீவின் முக்கிய ஊர் இது. சுஷிமாவை 19-ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட சோ வம்சத்தாரின் கல்லறைகள் இங்குள்ள பன்ஷோயின் கோயிலில் இருக்கின்றன. பாசி படிந்த 132 கற்படிகள், இருபுறமும் கல் விளக்குகள். காலை வேளையில் நான் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு சின்ன வாடகை வண்டி எடுத்துக்கொண்டு மேற்கே கொமோடாவுக்குப் போனேன். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

விளையாட்டு தொடங்குவது கொமோடா கடற்கரையில். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அலையெங்கும் கப்பல்கள், மேலேயிருந்து பாய்ந்து இறங்கும் குதிரைகள். நேரில் கொமோடா ஒரு சிறிய குடா. காரை அலைத்தடுப்புச் சுவர், பின்னால் வயல், கொஞ்சம் வீடுகள். கரையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஏமாற்றம் வரவில்லை. ஒரு பயம்தான் வந்தது. இவ்வளவு சின்ன இடத்திலா அது நடந்தது? எதிரி வருவதை இங்கே நின்றவன் எவ்வளவு பக்கத்தில் பார்த்திருப்பான்?

நின்றவரின் பெயர் சோ சுகெகுனி. சுஷிமாவின் பொறுப்பில் இருந்தவர். எண்பது சொச்சம் குதிரைவீரர்களோடு வந்து இங்கே எதிர்த்து நின்று மாண்டார் என்று சொல்லப்படுகிறது. வந்தது நூற்றுக்கணக்கான கப்பல்கள். விளையாட்டில் வரும் அந்த 80 என்ற எண் இங்கிருந்து எடுத்ததுதான். அப்போது அவருக்கு வயது 68 என்பது மரபு. இந்தப் பக்கத்தில் அவர் தலைக்கு ஒரு மேடும் உடலுக்கு இன்னொரு மேடும் தனித்தனியாக இருக்கின்றன.

கரையை ஒட்டியே கொமோடாஹமா கோயில். சுகெகுனியும் அவரோடு விழுந்தவர்களும் இங்கே வணங்கப்படுகிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே திருவிழா. ஊர் ஆண்கள் கவசம் அணிந்து கடற்கரைக்கு ஊர்வலமாக வருவார்கள். கடலைப் பார்த்து வில்லின் நாணை இழுத்து விடுவார்கள். அம்பு கிடையாது, நாணின் ஓசை மட்டும் கடலுக்குள் போகும். இரண்டு வாரம் பொறுத்து வந்திருந்தால் பார்த்திருக்கலாம். விடுப்பு அப்படி அமையவில்லை. அது எனக்கு இன்றும் பெரிய குறைதான். சுவரில் உட்கார்ந்து அந்த ஓசை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எதிர்க்காற்று பலமாக அடித்தது.

அந்தக் காற்றின் வேலையைப் பக்கத்துச் சிற்றூரான ஷீனேயில் பார்த்தேன். அங்கே பழைய தானியக் களஞ்சியங்கள் சில இன்னும் நிற்கின்றன. மரச்சுவர், கூரைக்கு மட்டும் பெரிய பெரிய கற்பலகைகள். தச்சர் செய்த வீட்டின் மேல் மலையைப் பெயர்த்து வைத்தது போல இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுக்கு வேறெந்தக் கூரையும் நிற்காது. ஓடு வேய விவசாயிகளுக்கு அந்தக் காலத்தில் அனுமதியும் கிடையாது. ஒரு பலகையின் ஓரத்தில் கை வைத்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான கனம், அடியில் சில்லென்ற ஈரம். விளையாட்டில் காற்று ஜின்னுக்குத் துணை. இங்கே இருந்தவர்களோ அதே காற்றுக்கு எதிராகக் கல்லைச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். விளையாட்டை உருவாக்கிய சக்கர் பஞ்ச் நிறுவனத்தார் அமெரிக்காவில் இருப்பவர்கள். இத்தனை ஊர்களிருக்க இந்தத் தீவுக்குப் போய்க் காற்றைக் கதாபாத்திரமாக்கத் தோன்றியதே, அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மதியம் கனேதா கோட்டை. விளையாட்டில் அது மங்கோலியர் பிடியிலிருக்கும் பெரிய கோட்டை. உண்மையான கனேதா அதைவிட மிகப் பழையது. கொரியாவில் 663-இல் நடந்த போரில் தோற்ற பிறகு, எதிரி பின்னாலேயே வருவான் என்று அஞ்சி 667-இல் ஜப்பானியர் கட்டியது. மங்கோலியர் வந்தபோது அதற்கு 600 வயது. இன்று கோபுரம், மாடம் எதுவுமில்லை. மலையைச் சுற்றி வளைந்து போகும் கற்சுவர் மட்டும் காட்டுக்குள் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஏறினால் உச்சி. கீழே அசோ விரிகுடாவின் கிளைகள் காட்டுக்குள் விரல் விரலாக நுழைந்து கிடக்கின்றன. அந்தக் காட்சி மட்டும் விளையாட்டில் பார்த்ததைவிட நூறு மடங்கு அழகு.

மறுநாள் வடக்கே. போகிற வழியில் வதத்சுமி கோயில். கடலில் இருந்து வரிசையாக ஏறிவரும் தோரி என்ற கோயில் வாயில்கள் இதன் அடையாளம். நீர் ஏறும்போது முதல் இரண்டும் கடலுக்குள் நிற்கும். நான் போனபோது நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தூண்களின் அடியில் சிப்பிகள் ஒட்டியிருந்தன.

2020 செப்டம்பரில், விளையாட்டு வெளிவந்து இரண்டே மாதத்தில், ஒரு சூறாவளியில் இந்தத் தோரிகளில் ஒன்று உடைந்து விழுந்தது. கோயில் தரப்பில் 50 லட்சம் யென் வேண்டுமென்று இணையத்தில் நிதி கேட்டார்கள். விளையாட்டை விளையாடியவர்கள் செய்தியைப் பரப்பினார்கள். சேர்ந்தது 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல். எனக்கு விவரம் தெரிந்தபோது நிதி திரட்டலே முடிந்திருந்தது. என் காசு ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் 2022-இல் திரும்ப எழுந்த அந்த வாயிலின் முன்னால் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. எந்தெந்த ஊரிலோ, எங்களைப் போல ஒற்றை அறையில் உட்கார்ந்து விளையாடியவர்கள் கொடுத்த வாயிலல்லவா இது. விளையாட்டின் இயக்குநர்களான நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் 2021-இல் தீவின் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தார்கள். அது சரியான மரியாதை.

இதையும் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் இந்தக் கோயில், வழிபட வருபவர்கள் தவிர மற்றவர்களுக்கு அனுமதியில்லை என்று அறிவித்துவிட்டது. வந்தவர்களில் சிலர் நடந்துகொண்ட விதம்தான் காரணம். கோயில் செய்தது நியாயம். நம்மைப் போல விளையாட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள், கும்பிடுவதற்கென்றால் மட்டும் உள்ளே போங்கள். கேமராவைப் பையிலேயே வையுங்கள்.

அங்கிருந்து சாலை முழுக்கக் காடு. திருப்பத்துக்குத் திருப்பம் காட்டுப்பூனைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. சுஷிமா யமனெகோ என்ற அந்தப் பூனை ஜப்பானிலேயே இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, மிஞ்சியிருப்பது நூறு அளவில்தான். நத்தை வேகத்தில் ஓட்டினேன். பூனை கண்ணில் படவில்லை.

நான் தேடிப்போனது மெபோரோ அணைக்கருகே உள்ள குதிரைப் பூங்காவை. விளையாட்டில் தொடக்கத்திலேயே ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைக்கவேண்டும். நாங்கள் வைத்தது நோபு. விளையாடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நடுக்கதையில் அம்புகள் தைத்த நிலையிலும் ஜின்னைச் சுமந்துகொண்டு ஓடி, அவன் தப்பிய பிறகு நோபு செத்துப்போகும். அன்றைக்குக் கன்ட்ரோலர் என் கையில் இருந்தது. தம்பி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். இரண்டு நாள் அந்த விளையாட்டை நாங்கள் தொடவே இல்லை.

சுஷிமாவுக்கென்றே ஓர் இனம் இருக்கிறது: தைஷூ குதிரை. மலைச்சரிவில் விறகும் மூட்டையும் சுமந்த இனம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவை, இன்று சில பத்துகள்தான். வேலிக்கு அப்பால் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று நின்றது. உயரம் நாலடி சொச்சம். அதன் முதுகு என் நெஞ்சுக்குக் கீழேதான் வந்தது. திரையில் ஓடிய குதிரையில் பாதிகூட இருக்காது. குட்டைக் கால்கள், அகன்ற மார்பு, கண்ணை மறைக்கும் அளவுக்கு நெற்றிமயிர். பராமரிக்கும் அம்மா ஒரு கேரட் துண்டைக் கொடுத்து, உள்ளங்கையை விரித்தபடி நீட்டச் சொன்னார். வெதுவெதுப்பான உதடு கையில் பட்டு நகர்ந்தது. கேரட் போன பிறகும் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருந்தது.

தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். அவனுக்கு அங்கே மதிய சாப்பாட்டு நேரம். ஒன்றும் சொல்லாமல் கேமராவைக் குதிரையின் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, கழுத்துல கொஞ்சம் தட்டிக் குடு" என்றான்.

தட்டிக் கொடுத்தேன். குதிரை தலையை வேலிக்கு மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.