பையனுக்கு அபூர்வமான பெயர்: தேடுவது சுலபம், எழுத்துக்கூட்டல்தான் வேலை

டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்கான படிவத்தை நீட்டுவார்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்றதும் வீட்டில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். அந்த 21 நாள் கெடு பிறப்பைத் தெரிவிப்பதற்குத்தான், பெயருக்கு இல்லை. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பிறப்பு பதிவாகிவிடும். பெயர் இல்லாமலேயே சான்றிதழும் வரும். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குமேல் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்ற விடமாட்டார்கள்.

ஆகவே அபூர்வப் பெயர் வைக்க நினைப்பவர்கள் ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரப்பட வேண்டாம். தடுப்பூசி அட்டையில் சில மாதம் 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயரோடு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டியது அப்பா, அம்மா பெயர்களை. இரண்டும் ஆதாரில் இருக்கிறபடி, இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது உட்பட, ஒத்துப்போக வேண்டும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இதில் விழுகிற பிழை பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று கூடவே வரும்.

இனி தேடல். பெயர்ப் பட்டியல் தளங்களை நம்பினால் 'விக்' என்று முடிகிற ஒன்றோ, 'ஆன்ஷ்' என்று முடிகிற ஒன்றோதான் கையில் மிஞ்சும். எல்லாருமே அதே பட்டியலைப் பார்ப்பதால் எல்.கே.ஜி. வகுப்பில் நாலு பேர் ஒரே ஓசையில் இருப்பார்கள். அங்கே போட்டிருக்கும் அர்த்தங்களில் பல, யாரோ இட்டுக்கட்டியவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தப் பெயரையும் அதில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். புத்தகமாகப் புரட்ட வேண்டுமென்றால் கன்னிமாராவோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ போகலாம்.

நல்ல சுரங்கம் சங்க இலக்கியம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளக்கூடாது. கடையேழு வள்ளல்களில் பாரி தாராளமாகத் தேறும். நள்ளி என்றால் சென்னையில் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். ஆய் என்ற வள்ளலுக்கு எவ்வளவு கீர்த்தி இருந்தாலும், குழந்தை வளர்க்கிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. கிள்ளி சோழர் பெயர், ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நாலு எழுத்தே கொலை. கோதை சேர மன்னர்கள் வைத்துக்கொண்ட பெயர், ஆண்டாளுக்குப் பிறகு அதைப் பையனுக்கு வைத்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்க வேண்டும். பிசிராந்தையாரில் உள்ள ஆந்தை, 'ஆதன் தந்தை' என்பதன் மரூஉ என்று இலக்கணம் சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அந்த இலக்கணம் தெரியாது.

பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆளையும் விசாரிக்க வேண்டும். நன்னன் கேட்க இனிமைதான். ஆனால் குறுந்தொகை 292-ல் வருகிற நன்னன், தன் காவல்மரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்துவந்த காயைத் தின்ற பெண்ணைக் கொன்றவன். ஈடாக 81 யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்றும் கேட்காதவன். மலைபடுகடாம் பாடுகிற நன்னன் வேறு ஆள் என்று வாதாடலாம், ஆனால் தமிழாசிரியருக்கு முதலில் ஞாபகம் வருவது பெண்கொலை புரிந்தவன்தான். எங்கள் தேர்வில் கடைசி வரை நின்றவை ஆதன், வழுதி, பொறையன், செம்பியன். கீழடிப் பானை ஓடுகளிலேயே ஆதன் என்று கீறியிருக்கிறது. வழுதி, பாரி போல இகரத்தில் முடிகிற பெயர்களை வடக்கே பெண் பெயராக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 27 நட்சத்திரம், நாலு பாதம், மொத்தம் 108 எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண' என்று பஞ்சாங்கம் சொல்லும். தமிழில் அந்த எழுத்துகளில் பெயர் தொடங்காது. பெரும்பாலும் அதே நட்சத்திரத்தின் இன்னொரு பாத எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா பெயர்தான் என்று பாட்டி பிடிவாதமாக இருந்தால், காதில் மூன்று முறை சொல்கிற பெயர் அதுவாக இருக்கட்டும். பதிவேட்டுக்குப் போகிற பெயர் தனி.

இப்போது எழுத்துக்கூட்டல். ஆதன் என்பதை ஒற்றை 'ஏ' போட்டு 'டி எச்' (TH) என்று தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் வாயில் 'அத்தான்' வந்து நிற்கும். இரண்டு 'ஏ' போட்டு, டெல்லிக்கு வருகிற 'டி'யோடு 'எச்' (DH) சேர்க்க வேண்டும். ழகரப் பெயர்கள் தனிப் பாடு. 'இசட் எச்' போட்டால் வெளியூர்க்காரர் அப்படியே 'இஸ்' என்று வாசிப்பார். அதற்குப் பயந்து 'எல்' போட்டால் இன்னும் மோசம், எழிலன் கணினித் திரையில் எலிலனாகத் திரும்பி வருவான், அப்புறம் வகுப்பில் அவன் 'எலி'தான். ழ வேண்டுமென்றால் 'இசட் எச்' தான், யோசிக்காமல் போடுங்கள்.

இரண்டு சோதனை போதும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய சீட்டை, பெயரை முன்பே கேட்டிராத மூன்று பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது தமிழ் தெரியாதவராக இருக்கட்டும். பிறகு வேறு மூன்று பேருக்கு போனில் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். படிப்பதில் தடுமாறினால் எழுத்துக்கூட்டலை மாற்றலாம். கேட்டு எழுதியதில் மூன்று பேரும் மூன்று விதமாக அனுப்பினால் பெயரையே மறுபடி யோசிப்பது நல்லது. குழந்தை டாக்டர் கிளினிக்கில் நர்ஸ் ஃபைலைப் பார்த்து டோக்கன் கூப்பிடும்போது நடப்பது முதல் சோதனை. கியாஸ் புக்கிங் முதல் பேங்க் வரை நடப்பது இரண்டாவது.

நியூமராலஜி பார்ப்பவர்கள் அதை இந்தச் சோதனைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கடைசியில் சேர்க்கிற இன்னொரு 'என்' ஒரு கவுன்டரில் இருந்து மறு கவுன்டரில் விடுபட்டால், இரண்டு ஆவணத்தில் இரண்டு ஆளாகிவிடுவான்.

இனிஷியலையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதச் சொல்வார்கள், பெரும்பாலும் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போகும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாயில் சித்தப்பா இருக்கிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பா பெயரும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள், தனியாக அழகாக இருக்கிற பெயர் அப்பா பெயரோடு சேர்ந்தால் சில சமயம் வேறு அர்த்தம் கொடுக்கும்.

பெயர் சேர்க்கப் போகும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் டைப் அடித்த தாளைக் கொண்டுபோங்கள், வாயால் சொல்ல வேண்டாம். பதிவேற்றுவதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆதாருக்குப் போகும்போது இன்னொரு கண்டம் உண்டு. ஆங்கிலத்தில் அடித்த பெயரை மென்பொருள் தானே தமிழாக்கிக் காட்டும், ஆபரேட்டர் அதைத் திருத்தாமல் சமர்ப்பித்தால் பொறையன் 'போரையன்' ஆவான். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் தமிழ் வரியைப் படித்துவிடுங்கள். ஆதாரில் பெயர் திருத்த ஆயுசுக்கு இரண்டு வாய்ப்புதான். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், ஆனால் பெயரை அப்போதே ஏற்றிவிடுகிறார்கள். முழுப் பெயரையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் அரசிதழில் வெளியிட்டு, அதைக் காட்டி ஒவ்வொரு ஆவணமாகத் தனித்தனியே மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.