ஸ்ரீவைகுண்டமும் பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடும்

ரயிலில் ஸ்ரீவைகுண்டம் வருகிறவர்கள் முதல் தடவை ஏமாந்துதான் போவார்கள். ஸ்டேஷன் பலகையில் ஸ்ரீவைகுண்டம் என்று இருக்கும், இறங்கிப் பார்த்தால் அது புதுக்குடி. ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வடகரையில். தாமிரபரணியைத் தாண்டினால்தான் மாமா வீடு.

போன மாதம் போயிருந்தபோது ஊரில் என்னென்ன பலகைகள் இருக்கின்றன என்று பார்ப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன். கள்ளபிரான் கோயிலில் நவதிருப்பதிகளில் முதலாவது என்றும் சூரியத் தலம் என்றும், கைலாசநாதர் கோயிலில் நவகைலாயம், சனித் தலம் என்றும் போட்டிருக்கிறது. பரிகாரத்துக்கு வேனில் வருகிறவர்களுக்கு அது போதும். குமரகுருபரர் பிறந்த ஊர் என்பதைக் கல்லூரிக்கு வைத்த பெயராவது ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது.

தென்கரையில் சில கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் செம்மண் பரம்பு, அதற்குக் கீழே முழுக்க முதுமக்கள் தாழி. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார், எடுத்ததில் நிறைய பெர்லினுக்கே போய்விட்டது. அப்புறம் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டியதில் வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு வாள்களும், தங்கத்தில் நெற்றிப்பட்டமும் கிடைத்தன. எனக்கு விவரம் தெரிந்த நாளில் அங்கே நின்றது பாதுகாக்கப்பட்ட இடம் என்கிற நீலப் பலகை ஒன்றுதான். சேதப்படுத்தினால் எத்தனை நாள் ஜெயில், எவ்வளவு அபராதம் என்றுதான் அதில் இருக்குமே தவிர, எதைச் சேதப்படுத்தக்கூடாது என்று ஒரு வரி இருக்காது. நாங்கள் அதைப் படித்துவிட்டு அங்கேயே கிரிக்கெட் விளையாடுவோம். செத்தும் சாகாமல் சுருங்கிப்போன கிழவிகளைச் சோறும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் உட்கார்த்திவிடுவார்கள் என்று ஆச்சி சொன்ன கதைதான் எங்களுக்குப் பலகை. இப்போது, சும்மா சொல்லக்கூடாது, 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். ஆச்சி இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிமேல் கால் வைத்திருக்க மாட்டாள்.

அங்கிருந்து திரும்பி அணைக்கட்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது, வெள்ளைக்காரர்கள் கட்டி 1873இல் முடித்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய ராஜாக்கள் காலத்தவை. இங்கே பிரிகிற வடகாலும் தென்காலும் இல்லாவிட்டால் கீழே நெல்லும் கிடையாது, வாழையும் கிடையாது. அதன்மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களிடம் இது எப்போது கட்டினது தெரியுமா என்று கேட்டேன். "தெரியலண்ணே, ரொம்பப் பழசு" என்றார்கள். சரிதானே.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. 2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டேஷனோடு நின்றுபோனது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பெய்தது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்க, சுமார் 800 பேர் சுற்றிலும் வெள்ளத்தோடு இரண்டு நாள் மாட்டிக்கொண்டார்கள். சோறு போட்டது புதுக்குடி சனங்கள். தங்கள் வீட்டுக்கே அரிசி வருமா என்று தெரியாத நேரத்தில், இருந்ததைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். பிளாட்பாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். அதைப் பற்றி ஒரு எழுத்து என் கண்ணில் படவில்லை.

ஆற்றங்கரை ஊரில் முதலில் வைக்க வேண்டியது வெள்ளம் எதுவரை வந்தது என்கிற அடையாளம்தான் என்று சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் பீரோவை ஒரு பக்கமாக நகர்த்தினார். சுவர் முழுக்கப் புது பெயின்ட், பீரோ மறைத்த இடத்தில் மட்டும் பழைய சுவர், அதில் என் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு.

"தொண்ணூத்திரெண்டுல வந்தத விட இது ஒரு முழம் கூட" என்றார்.

"அது எதுல இருக்கு மாமா?"

"அதான் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சாச்சே."

பக்கத்தில் தேதி எழுத பென்சில் கேட்டேன். அத்தை உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள், சுவத்துல கிறுக்காதீங்க என்று. எழுதிவிட்டுத்தான் வந்தேன். அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது இந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் என்றதற்கு மாமா, "நான் சொல்லுவேன் மருமவனே, அடிக்கிறவன் கேக்கணும்லா" என்றபடி பீரோவைப் பழையபடி தள்ளி வைத்தார்.