பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை

நேற்று சாயங்காலம் பத்து ரூபாய் கொடுத்து ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி வந்தேன். சமையலுக்கு இல்லை. மாடியில் இருக்கும் எங்கள் கறிவேப்பிலைச் செடியின் மேல் போடுவதற்கு. கடைக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. நங்கநல்லூரில் இன்னும் கொஞ்ச நாள் குடியிருக்க வேண்டும்.

அந்தச் செடி வந்ததே ஒரு கதை. முதல் கன்று நர்சரியில் வாங்கியது, கத்திரி வெயிலில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் காய்ந்துவிடுமோ என்று பயந்து நிறையத் தண்ணீர் ஊற்றினேன், அது வேர் அழுகிச் செத்தது. "காசு கொடுத்து வாங்கினா எப்படி வரும்? கறிவேப்பிலைக் கன்னைச் சொல்லாம எடுத்துட்டு வரணும்டா" என்றார் அம்மா. அதனால் திருத்தணி பெரியம்மா வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து முளைத்திருந்த பக்கக் கன்றைத் திருடினேன். பெரியம்மாதான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மண்ணோட எடு, மண்ணோட எடு" என்று யோசனையும் சொன்னார். இந்த உலகத்தில் இப்படியும் ஒரு திருட்டு.

அன்றிலிருந்து வீட்டில் புளித்த மோர் அத்தனையும் அதற்குத்தான். மோர்க்குழம்பு சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கேட்டால், "செடிக்கு வெச்சிருக்கேன்" என்று பதில். இரண்டு வருஷம் மோர் குடித்து அது கொடுத்தது ஆறு இணுக்கு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மாடியில் மற்றவை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கற்பூரவல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு குச்சியை ஒடித்துத் தூக்கி எறிந்தால், விழுந்த இடத்தில் வேர் விட்டுவிடும். நானும் தோட்டக்காரன்தான் என்ற மமதையை எனக்குக் கொடுத்ததே அதுதான். அந்த மமதையில்தான் மச்சான் அனுப்பிய லாவண்டர் விதையைப் போட்டேன். முளைத்தது. மே மாதம் வந்தது. அவ்வளவுதான். புதினா, காய்கறிக் கடைக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு மிஞ்சிய தண்டை நட்டது, தொட்டியை விட்டு வெளியேறப் பார்க்கிறது. மல்லிகைக்குப் போன மார்கழியில் கவாத்து செய்தேன். இலையெல்லாம் உருவி, கிளைகளைப் பாதிக்கு வெட்டினதைப் பார்த்து அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பங்குனியில் முதல் தடவையாகப் பதினோரு மொட்டு வைத்தது. சாமி படத்துக்கா, என் மனைவி தலைக்கா என்று அதற்கு ஒரு பஞ்சாயத்து. ஆறு, ஐந்து என்று தீர்ப்பானது. யாருக்கு ஆறு என்று நான் எழுத மாட்டேன்.

இந்த ஐப்பசி மழைக்குத்தான் கறிவேப்பிலைக்கு ஞானம் பிறந்தது. ஒரே வாரத்தில் கிளைக்குக் கிளை கொழுந்து. கிள்ளி முகர்ந்தால் கை இரண்டு மணி நேரம் மணக்கிறது. அம்மா தினமும் மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி அதைப் பார்த்துவிட்டு வருவார். பறிக்கக் கூடாது. இலை முற்றட்டும், வெள்ளிக்கிழமை ரசத்துக்கு முதல் கொத்து என்று நாள் குறித்தாயிற்று. "கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஒரே பிள்ளை" என்று என்னைச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது கொத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். பிள்ளையைக் காணோம்.

போன ஞாயிற்றுக்கிழமை இலையில் காக்கை எச்சம். கறுப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டு. இந்த மாடியில் என்ன புதுசா என்று ஈரத்துணியால் துடைக்கப் போனேன். எச்சம் நகர்ந்தது.

எண்ணினால் ஏழு.

இரண்டே நாளில் அவை பச்சைக்கு மாறி என் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டன. ஒன்றை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு பொசுக்கென்று வெளியே வந்தது. கூடவே ஒரு நாற்றம், அழுகின நாரத்தங்காய் மாதிரி. நான் பின்வாங்கியதில் புதினாத் தொட்டி கவிழ்ந்தது. அது கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய்க் கரைசல் தயாராகவே இருந்தது. லிட்டருக்கு 5 மில்லி, ஒரு சொட்டு சோப்பு. பாட்டிலைத் தேடினால் காணவில்லை. சின்னவள் தன் ஸ்கூல் பைக்குள் ஒளித்துவிட்டாள். "அப்பா, அது பட்டாம்பூச்சி!"

பட்டாம்பூச்சி என்றதும் எனக்கும் ஒரு நப்பாசை. 2019ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, தமிழ் மறவன், அதுவாக இருக்குமோ? மறவன் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறான், நங்கநல்லூருக்கு எதற்கு வரப் போகிறான். இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பமாம். எனக்கு என் சித்தப்பா பேரன் என்ன முறை என்றே தெரியாது. அது ஒரு குடும்பம் முழுவதையும் தெரிந்து வைத்துக்கொண்டு வந்து முட்டையிட்டிருக்கிறது.

அம்மா மேலே வந்தார். "நசுக்கிப் போடு" என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். புழு இலையின் ஓரத்தைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று ஒரே சீராக இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை இறங்கினால் நூலளவு இலை காலி. அம்மா ஐந்து நிமிஷம் பேசவில்லை. "இவ்ளோ பசியா இருக்கு, பாவம். நீ கைக்குழந்தையா இருக்கறப்ப இப்படித்தான்" என்றார். வேப்பெண்ணெய்ப் பேச்சு அத்தோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை ரசம் கறிவேப்பிலை இல்லாமல் வந்தது.

நேற்று மதியம் செடியில் ஈர்க்கு மட்டும்தான் பாக்கி. ஏழு பேரும் மொட்டைக் குச்சியில் ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அழ ஆரம்பிக்க, நான் செருப்பை மாட்டினேன்.

ஒரு காலத்தில் பத்து ரூபாய்க்குத் தக்காளி வாங்கினால் கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறாக வந்து பையில் விழும். கேட்கக்கூட வேண்டாம், கேட்டால்தான் மரியாதைக் குறைவு. இப்போது கறிவேப்பிலைக்குத் தனி விலை, தனிக் கட்டு, தனி ரப்பர் பேண்ட். "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டான்" என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. காசு போட்டு வாங்கினதை எவன் தூக்கிப் போடுவான்?

வீட்டுக்கு வந்தால் அடுத்த பிரச்சினை. கடைக் கறிவேப்பிலையில் மருந்து அடித்திருப்பார்கள், புழு செத்துப்போகும் என்றாள் மனைவி. மஞ்சள் உப்பு போட்ட தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, துணியில் உலர்த்தி, இணுக்கு இணுக்காகக் குச்சியில் சொருகினோம். இதே கடையில் இத்தனை வருஷமாக வாங்கி, குழாயில் ஒரு காட்டு காட்டிவிட்டு எனக்குத் தாளித்துப் போட்டுக்கொண்டிருந்தாளே, அதைப் பற்றிக் கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள்.

ராத்திரி கீழ் வீட்டு மாமி படியில் நின்று அம்மாவிடம், "உங்க மாடிக் கறிவேப்பிலை நன்னாத் தழைச்சிருக்குன்னேளே, ரெண்டு கொத்து கிடைக்குமா?" என்று கேட்டார். அம்மா கூச்சமே இல்லாமல், "இல்ல மாமி, குழந்தைங்க சாப்பிட்டுடுச்சுங்க" என்றார். மாமி எங்கள் சின்னவளை ஏற இறங்கப் பார்த்தார்.

இன்று காலை எண்ணினால் ஆறு. எல்லோரும் கலைந்து தேடினோம். ஏழாவது ஆள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மாப்புக் குச்சியில் ஏறி, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றித் தன்னைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. கூட்டுப்புழு ஆகப் போகிறதாம். வெளியே வர எப்படியும் பத்து நாள் ஆகும் என்றாள் சின்னவள். குச்சியைத் தொடக் கூடாது.

வீடு துடைக்காமல் ஒரு நாள் இருந்தாலே அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். அவர்தான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் "எடுக்காதீர்கள்" என்று எழுதி, குச்சியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் புது மாப்பு வாங்கக் கிளம்புகிறேன். வரும்போது இன்னும் ஒரு கட்டு கறிவேப்பிலையும் வேண்டுமாம், ஆறு பேருக்கு.