ஒரு கடல், மூன்று வீடு

அப்பா வரைந்த ஆயில் பெயிண்டிங் ஒன்றுதான்; பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். புதுச்சேரி கடற்கரையில், 1952 புயலில் இடிந்துபோன பழைய பாலத்தின் தூண்கள், பின்னால் இருட்டிக்கொண்டு வரும் கடல். 2011 தானே புயலில் ஒரு மூலை நனைந்தது, அப்புறம் பூஞ்சை. இனியும் விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று ஆளுக்கொரு கேன்வாஸ் பிரிண்ட் போட்டுக்கொள்ள முடிவு செய்தோம்.

போட்டோ எடுப்பது சுலபமாக முடிந்தது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, அவ்வளவுதான். மாட்டிக்கொண்டது பிரிண்ட் கடையில். "மேட்டா, சாட்டினா, கிளாஸியாக்கா?" என்று பையன் மூன்று சாம்பிள் துண்டுகளை நீட்டினான். மேட் மினுக்கமே இல்லாதது, கிளாஸி பளபளப்பது, சாட்டின் இரண்டுக்கும் நடுவில். டியூப் லைட்டில் கிளாஸி ஜொலித்தது. அதையே போடச் சொன்னேன்.

முத்தியால்பேட்டை வீட்டில், கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். காலையில் கடலைக் காணோம். ஜன்னல் கம்பியும் எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியும்தான் தெரிந்தன. அப்பா பெயிண்டை அப்பி வைப்பவர். அந்த மேடுகளில் பட்ட வெளிச்சம் கொஞ்சம் போட்டோவிலேயே பதிந்திருந்தது. அதற்கு மேல் கிளாஸியின் மினுக்கம் வேறு. போதாக்குறைக்கு, கோட்டிங் பூசாமலே சட்டத்தில் இழுத்து அடித்திருந்ததால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

இரண்டாம் முறை உஷாரானேன். எங்கள் படத்தின் இருட்டான பகுதியையே ஓரடிக்கு மேட் கேன்வாஸில் அடித்து வாங்கி வந்து, அதே சுவரில் ஒட்டிப் பார்த்தேன். காசு கொடுத்துத்தான். கண்கூச்சம் போயிற்று, கூடவே கறுப்பும் போயிற்று. மேட் பரப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால் கடல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அப்போதுதான் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார்: பளபளப்பில் பாதி கேன்வாஸில் இல்லை, மேலே பூசும் வார்னிஷில் இருக்கிறது. முதல் தடவையே சொல்லியிருக்கலாம், சரி விடுங்கள். மேட் கேன்வாஸிலேயே அடித்து, மை நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, தண்ணீரில் கரையும் சாட்டின் வார்னிஷை ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாக இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக, பூசினார்கள். வார்னிஷ் ஏற ஏறக் கறுப்பு திரும்பி வந்தது. ஜன்னல் மங்கலாக ஒரு ஓரத்தில் மட்டும் தெரிந்தது. உப்புக்காற்றில் சாதா ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துக் கறை இறக்கும் என்பதால், பின்னால் அடிக்க ஸ்டெயின்லெஸ் பின்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன்.

எனக்கும் தங்கைக்கும் சாட்டின். தூக்கிப் போட வைத்திருந்த கிளாஸியைத் தம்பி "படம்னா மின்னணும்க்கா" என்று கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு எடுத்துப்போனான். அவன் வீட்டு ரேழியில் ஜன்னலே கிடையாது. அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.