போக்குவரத்துக் கழக நிலுவை வழக்கு: மனுவுக்கு முன்னால் கணக்கு

ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர், டெக்னிக்கல் ஊழியர் யாரைக் கேட்டாலும் கழகம் தனக்குப் பணம் தரவேண்டும் என்பார். எவ்வளவு என்று கேட்டால்தான் திணறல். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டிலும் ஓய்வூதியர் வழக்குகள் இழுபடுவதற்கு நிர்வாகத்தின் பணமுடை பாதிக் காரணம் என்றால், தொகை எழுதாத மனு மீதிக் காரணம். "எனக்குச் சேரவேண்டிய அனைத்துப் பலன்களையும் வழங்க வேண்டும்" என்று எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் "சரிபார்த்துத் தருகிறோம்" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்.

நிலுவை பல வகை. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய இடமும் வட்டியும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணிக்காதீர்கள்.

முதலில் ஊதிய ஒப்பந்த நிலுவை. 13ஆவது ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஜனவரியில், அமல் தேதியோ 1.9.2016. 14ஆவது 2022 ஆகஸ்டில், அமல் 1.9.2019. 15ஆவது 2025 மே மாதம், அமல் 1.9.2023. அமல் தேதிக்கும் கையெழுத்துத் தேதிக்கும் நடுவில் ஓய்வு பெற்றவர்தான் பெரும்பாலும் விடுபடுகிறார். இவை தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) ஒப்பந்தங்கள், அதாவது சமரச அதிகாரி முன் போடப்பட்டவை. 18(3) பிரிவின்படி சங்கத்தில் இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமில்லாமல் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால் ஒப்பந்த நகலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். சம்பளம் எந்தத் தேதியிலிருந்து காகித அளவில் உயர்கிறது, கையில் பணம் எந்தத் தேதியிலிருந்து என்று இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கலாம். முதல் தேதியை வைத்து ரொக்கம் கேட்டால் கணக்கு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். ரொக்கம் கிடைக்காத காலத்திலும் காகித உயர்வு கடைசிச் சம்பளத்தை ஏற்றியிருந்தால், பணிக்கொடையும் ஓய்வூதியமும் கூடுமா என்று அதே ஒப்பந்தத்தில் பாருங்கள். இதைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. சட்டம் தொழிலாளி பக்கம் உறுதியாக நிற்கும் இடம் இது. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டு. இரண்டும் சேர்ந்து 52,000 ரூபாய், பணி 30 ஆண்டு என்றால் 9,00,000 வரும். ஒப்பந்தத்தால் சம்பளம் 54,600 ஆகியிருக்க வேண்டும் என்றால் 9,45,000. ஆக, மாதம் 2,600 ரூபாய் விடுபட்டதில் பணிக்கொடையில் மட்டும் 45,000 போகிறது. வீட்டு வாடகைப்படி, கலெக்‌ஷன் பேட்டா, ஓவர்டைம் எதையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எதிர்த்தரப்புக்கு வாதாட ஒரு வாய்ப்பை நீங்களே கொடுத்ததாகும். உச்சவரம்பு 29.3.2018 முதல் 20 லட்சம், அதற்கு முன் 10 லட்சம்.

பணிக்கொடையை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்கிறது பணிக்கொடைச் சட்டத்தின் 7(3) பிரிவு. தவறினால் 7(3ஏ)-படி ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. 9 லட்சம் 18 மாதம் தாமதமானால் வட்டி மட்டும் 1,35,000. கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது என்பது இந்தப் பிரிவில் விதிவிலக்கு அல்ல. தாமதம் ஊழியரின் தவறால் நேர்ந்து, அதற்குப் பணிக்கொடை வழக்கை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் இருந்தால்தான் வட்டி கிடையாது. ஆகவே பணிக்கொடைக்கு நேராக ஹைகோர்ட் போவது பல நேரம் நஷ்டம். அங்கே போடும் ரிட் மனுவில் வட்டி நீதிபதியின் விருப்புரிமை, 6 சதவீதம் என்று வந்த உத்தரவுகளும் உண்டு. தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனால் 10 சதவீதம் சட்டப்படியே வருகிறது.

வழி இதுதான். படிவம் ஐ-யில் கழகத்துக்கு விண்ணப்பம். இறந்துவிட்டவருக்கு நாமினி என்றால் படிவம் ஜே, வாரிசு என்றால் படிவம் கே. பதில் வராவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ படிவம் என்-இல் கட்டுப்பாட்டு அதிகாரியிடம். கெடு 90 நாள். தாண்டினால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனு சேர்க்கவும். கழகம் மேல்முறையீடு செய்ய நினைத்தால் உத்தரவிட்ட தொகையை முதலில் கட்ட வேண்டும். அதனால் இங்கு கிடைக்கும் உத்தரவுக்கு மதிப்பு அதிகம். அதன் பிறகும் பணம் வராவிட்டால் 8ஆம் பிரிவில் கலெக்டருக்கு வசூல் சான்றிதழ் போகும், கூட்டு வட்டியோடு.

தாமதமாகக் காசோலை வரும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டால், "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். அப்படி எழுதாமல் போட்டுவிட்டவர்களும் கைவிட வேண்டியதில்லை. பணிக்கொடைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு முரணான ஒப்பந்தங்களை மீறி நிற்கிறது.

சம்பள நிலுவைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் இடம் லேபர் கோர்ட், தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு 33சி(2). இதற்குக் காலக்கெடு இல்லை என்று 1963லேயே பாம்பே கேஸ் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்காகப் பத்து வருஷம் காத்திருந்தால் பழைய பே ஸ்லிப்பும் சம்பளப் பட்டியலும் கிடைக்காது. இன்னொரு வரம்பு முக்கியமானது: ஏற்கெனவே உறுதியான உரிமையைப் பணமாகக் கணக்கிடுவது மட்டுமே இந்த மனுவின் வேலை. கணேஷ் ரசாக் வழக்கு, 1995. "எனக்குப் போட்ட இன்கிரிமென்ட் கட் தவறு" என்று இங்கே வாதாட முடியாது. தொடர் விளைவுடன் வெட்டிய இன்கிரிமென்ட் கடைசிச் சம்பளம் வரை இழுத்துக்கொண்டு வரும். அந்தத் தண்டனையைத் தனியாக எதிர்த்து ரத்து செய்யாமல், அது இல்லாததுபோல் அட்டவணை போட்டால் மனு தள்ளுபடி ஆகும். இந்தக் கோர்ட்டில் வக்கீல் வைக்க எதிர்த்தரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். சங்க நிர்வாகியே நேரில் வாதாடலாம். நல்ல சங்க நிர்வாகி இருந்தால் அதுவே மேல், ஒப்பந்தங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும்.

அட்டவணையை மாதவாரியாகப் போடுங்கள்: வரவேண்டியது, வந்தது, வித்தியாசம், பி.எஃப். பிடித்தம். சம்பளமில்லா விடுப்பு, சஸ்பென்ஷன் நாட்களைக் கழிக்க மறந்தால் ஒரே ஒரு மாதத் தவறைக் காட்டி மொத்தத்தையும் சந்தேகிப்பார்கள். பணிப்பதிவேட்டு நகல், கடைசிச் சம்பளச் சான்று, கழகம் போட்ட கணக்குத் தாள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பதிலுக்குக் கெடு 30 நாள். ஓய்வு பெற்ற தேதிவாரியாக யார் யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலையும் கேட்டு வையுங்கள். வரிசை தாண்டிக் கொடுத்திருந்தால் அது உங்கள் கையில் ஆதாரம். பழைய ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பணி நியமன ஆணை சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்ற பழைய கழகங்களின் பெயர்களில் இருக்கும். 1997இல் அந்தப் பெயர்கள் போய்விட்டன. பணித் தொடர்ச்சி பணிப்பதிவேட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓய்வூதியமும் கம்யூட்டேஷனும் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) வேறு. 1.9.1998 முதல் உள்ள ஓய்வூதியத் திட்டத்தை நடத்துவது தனி அறக்கட்டளை. கழகத்தின் நிர்வாக இயக்குநரான எம்.டி.யை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டால், அது அறக்கட்டளையின் பொறுப்பு என்று கைகாட்டுவார்கள். அறக்கட்டளை நிர்வாகி, எம்.டி., போக்குவரத்துத் துறைச் செயலர், நிதித் துறைச் செயலர் நால்வரையும் சேருங்கள். 2015 நவம்பருக்குப் பின் உயராமல் நின்ற ஓய்வூதியர் பஞ்சப்படிக்கு வழி ரிட்தான். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. மாதாமாதம் தொடரும் குறை என்பதால் தாமதமாக வந்தாலும் மனு நிற்கும். நிலுவை மட்டும் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குச் சுருங்கும் என்பது தர்சேம் சிங் வழக்கின் விதி, 2008. பக்கத்து டெப்போக்காரர் ஜெயித்தால் நமக்கும் வரும் என்று உட்கார்ந்திருப்பவர்களின் நிலுவை இப்படித்தான் மாதாமாதம் கரைகிறது.

எந்தக் கோர்ட் என்பதும் கவனிக்க வேண்டியது. கும்பகோணம் கோட்டத்தில் வேலை பார்த்த தஞ்சை, திருச்சிக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகை மாவட்டங்கள் சென்னைக்கு.

ரிட்டில் மிகப் பெரிய பொறி "கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக" என்ற வேண்டுதல். முதல் நாளிலேயே உத்தரவு கிடைக்கும், வக்கீலும் ஜெயித்துவிட்டோம் என்பார். கழகம் பரிசீலித்து, "நிதி நிலைமை சீரானதும் வழங்கப்படும்" என்று ஒரு கடிதம் அனுப்பும். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாகிவிட்டது, கன்டெம்ப்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட முடியாது. வேண்டுதலில் தொகை, வட்டி விகிதம், கெடு மூன்றும் இருக்க வேண்டும். இணைப்பில் அட்டவணையும், ஒப்புகை அட்டையோடு அனுப்பிய கோரிக்கைக் கடிதமும் வேண்டும். நிதி நெருக்கடி வாதத்துக்கு எதிராக ஜார்க்கண்ட் அரசு எதிர் ஜிதேந்திர குமார் ஸ்ரீவத்சவா, 2013 தீர்ப்பைக் காட்டுங்கள். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவின் கீழ் சொத்து என்கிறது அது. கூடுதலாகக் கொடுத்த சம்பளம் என்று ஓய்வுப் பலனில் பிடித்தால், அதற்கு எதிராக ரஃபீக் மசீ, 2014 தீர்ப்பு இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. 33சி-யின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பின் 59ஆம் பிரிவு, பணிக்கொடை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 53ஆம் பிரிவிலிருந்து. மேலே சொன்ன பிரிவு எண்களும் படிவங்களும் பழைய சட்டத்துக்கானவை. அந்தத் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர் தன் உரிமை பழைய சட்டத்தில் உருவானது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் ஓய்வு பெற்றவர் எந்தப் படிவம், எந்த அதிகாரி என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தாக்கல் செய்யவும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கெடு முடிந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். கன்டெம்ப்ட் மனுவுக்கு அந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான், நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. தவணையில் கொடுத்தால் ஒவ்வொரு தவணையும் அசலுக்கா வட்டிக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசலை முழுவதும் கொடுத்துவிட்டு வட்டியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது வழக்கமாக நடப்பதுதான்.