ஆடிக்கு முன்

ஜூன் 26
அய்யனுடைய அம்பாசடர் காரின் எஞ்சின் விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஆடுகிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் தள்ளும் வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் துருத் தண்ணீர் சொட்டுகிறது. சீல் போய்விட்டது, பேரிங்கும் போய்விட்டது. ஹோஸ் மாற்றினால் போதும் என்று சொன்ன யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஜூன் 27
ரேடியேட்டர், பெல்ட், விசிறி, புல்லி எல்லாம் கழற்றியாயிற்று. காற்று ஓயவே இல்லை. பூளவாடிப் பக்கம் காற்றாலைகள் ராத்திரியும் சுற்றுகின்றன. மண் போகாமல் இருக்க ஹோஸ் வாய்களில் துணி அடைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 29
பம்ப்பைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் மூன்று வந்துவிட்டன. கீழே இருக்கிற நாலாவது வரவில்லை. அதன் தலை ஏற்கனவே வழுவிப்போயிருக்கிறது. அம்பாசடர் எஞ்சினில் இதெல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் ஸ்பேனர் போடணும், அதாவது 12.7 மில்லிமீட்டர். முன்பு கை வைத்தவர் 13ஆம் நம்பரைப் போட்டு முறுக்கியிருக்கிறார். 0.3 மில்லிமீட்டர்தான். ஆறு மூலையையும் தின்றுவிட்டது.

ஜூலை 1
மாமா வந்திருந்தார். "எதுக்கு அம்மிணி இத்தனை பாடு? கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிரலாம். இல்லாட்டி எடைக்குப் போட்டுரு."

பதில் சொல்லவில்லை. அய்யன் 1988இல் செகண்ட் ஹேண்டாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து இந்தச் சாளை வீட்டு முன்னால் நிறுத்திய வண்டி. இந்த வீட்டை விட்டுப் போகும்போதும் ஓடித்தான் போகும். கயிறு கட்ட விடமாட்டேன்.

ஜூலை 3
ராத்திரி முழுக்க அந்த போல்ட்தான் நினைப்பு.

எடுத்தவுடனே கழற்றும் பக்கம் திருப்பக் கூடாது. முதலில் ஒரு நூலளவு இறுக்கணும், துருவின் பிடி அப்போதுதான் விடும். பிறகு கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி நிற்கும். விடும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். அது நல்ல சத்தம். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் பிடி மட்டும் மெல்ல மெல்ல வந்துகொண்டே இருந்தால் போல்ட் முறுகுகிறது என்று அர்த்தம். அங்கேயே கையை எடுத்துவிடணும்.

இன்றைக்குக் கவ்விப் பிடிக்கிற வைஸ் கிரிப் போட்டுத் திருப்பினேன். சத்தம் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

உடைந்தால் மிச்சம் எஞ்சின் பிளாக்குக்குள் நின்றுவிடும். துளை போட்டுத்தான் எடுக்கணும். ட்ரில் பிட் கெட்டியான போல்ட்டை விட்டு வார்ப்பிரும்புப் பக்கம் ஓடப் பார்க்கும். மரை போய்விட்டால் ஆடிக்குள் எதுவும் நடக்காது. ஜூலை 17 ஆடி ஒன்று. ஆடியில் குடி போகமாட்டோம் என்று அம்மா சொல்லியாயிற்று, அதற்கு மேல் இங்கே இருக்கவும் முடியாது.

ஜூலை 4
சீமெண்ணெய் விட்டேன்.

ஜூலை 5
மறுபடியும் சீமெண்ணெய். சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டி வைத்தேன், அதிர்வில் உள்ளே இறங்கும்.

ஜூலை 6
யார் உப்புத் தண்ணீர் ஊற்றியது?

அய்யன் இருந்தவரை ரேடியேட்டருக்குத் திருமூர்த்தி அணைத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரில் ஒரு கேன் தனியாக வைத்திருப்பார், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. போர்வெல் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு சூட்டில் படிந்துவிடும் என்பார். அவர் படுத்த பிறகு வண்டியை எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 7
அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டார். குடி போகிற அந்த வீட்டில் வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9
குடிமங்கலத்திலிருந்து வெல்டிங் அண்ணனைக் கூட்டி வந்தேன். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். வழுவிய தலைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுவில் வெல்டிங்கை நிரப்பி ஒட்டினார். "கொஞ்சம் ஆறட்டும் அம்மிணி, அவசரப்படாதீங்க."

அந்தச் சூடு போல்ட்டின் அடிவரைக்கும் போயிருக்கணும். ஸ்பேனர் போட்டு ஒரு நூல் இறுக்கினேன். கிரீச்.

அய்யோ, அந்தச் சத்தம்!

ஜூலை 10
போல்ட் நாலும் வெளியே வந்தும் பம்ப் அசையவில்லை. பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற பழைய கேஸ்கெட்டும் துருவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் சட்டென்று வந்துவிடும். ஆனால் பிளாக் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயுசுக்கும் ஒழுகும். மரச் சுத்தியலால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டினேன். சாயங்காலம் வந்தது.

உள்ளே வெள்ளைக் காரை, அதன் மேல் செங்காவிச் சேறு. தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரின் இதழ்கள் பாதி அரித்துப்போயிருந்தன. வெந்நீர் வைத்துக் கொண்டு வந்த அம்மா பார்த்துவிட்டு, "உங்கய்யன் பார்த்திருந்தா மனசு விட்டுப்போயிருப்பாரு கண்ணு" என்றார். இந்த மாதம் முழுவதும் அவரைப் பற்றி அம்மா பேசியது இது ஒன்றுதான்.

ஜூலை 12
2014இல் தயாரிப்பே நின்ற வண்டிக்குப் புது பம்ப் கோயமுத்தூரில் கிடைத்துவிட்டது. பழையதையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்துத்தான் வாங்கினேன்.

ஜூலை 13
பிளாக் முகம் சுரண்டினேன். விரல் நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தடுக்கக் கூடாது. வேறு வேலை செய்யவில்லை.

ஜூலை 15
புது கேஸ்கெட், புது பம்ப், புது போல்ட். மரையில் கிரீஸ் தடவி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். அடுத்து கழற்றப் போகிறவருக்கு இந்தப் பாடு வேண்டாம். ரேடியேட்டரும் ஏறிவிட்டது. இனி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, வேறெதுவும் யாரும் ஊற்றக் கூடாது.

கீழ் ஹோஸுக்குக் கிளாம்ப் பற்றவில்லை. காலையில் கடை திறந்ததும் உடுமலை போகணும். சாமான் லாரி பத்து மணிக்கு வருகிறது, வண்டியையும் அதில் ஏற்றச் சொல்லி மாமா பேசியிருக்கிறாராம். அதற்கு முன்னால் திரும்பிவிடணும்.