ரன் என்றால் ஓடுதல் மட்டுமா?

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள்களோடு முன்னுக்கு நின்ற வினை 'செற்' (set). 430 பொருள். அடுத்த பதிப்புக்கு ஆராய்ந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள்!

நாங்களோ சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு 'ரன் என்றால் ஓடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். பிறகு 'ஷீ ரன்ஸ் எ ஷொப்' என்று ஒரு வசனம் வந்தால் பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்? கடை நடத்தினாலும் ரன், துணியில் சாயம் இறங்கினாலும் ரன். வீட்டில் சீனி முடிந்தால் 'ரன் அவுட்'. திருநெல்வேலிச் சந்தையில் தெரிந்த ஒருவரைத் தற்செயலாகக் கண்டால் 'ரன் இன்டு'. தேர்தலுக்கு அமெரிக்கர்கள் 'ஓடுவார்கள்', பிரித்தானியர்கள் எங்களைப் போலவே 'நிற்பார்கள்'. இது எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு.

எங்கள் 'ஓடு'வில் இருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். பருத்தித்துறைக்கு பஸ் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது, தடிமன் வந்தால் மூக்கு ஓடுகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்திலும் ரன்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரையும் 'ஓடுவோம்' (தமிழ்நாட்டில் 'ஓட்டுவார்கள்'). அங்கே ரன் சரிவராது, 'டிரைவ்' வேண்டும். பரீட்சை மண்டபத்தில் 'ஒண்டும் ஓடேல்லை' என்கிறோமே, அதற்கும் ரன் பொருந்தாது. இந்த இரண்டு இடத்தையும் வகுப்பில் கட்டாயம் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களே, உங்கள் ஊரில் 'ஓடு' வேறு எப்படியெல்லாம் வரும்? கீழே எழுதுங்கள், வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.